ஆறு இருபத்தைந்துக்குள் ஒரு விழா

சுகர் லேண்ட்
டிசம்பர் 6, 2025

அன்புள்ள முனவ்வரா,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் ஆபீஸ்காரி மாதிரி ஈமெயில் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நம் டிரஸ்டின் நிதி விழாவுக்கு மார்ச் ஏழாம் தேதி ஹால் எடுத்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகச் சொன்னேன். அது ரமலான் மாதம் என்று நீ சொன்னாய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. ‘டெபாசிட் கட்டியாச்சே’ என்றேன். நிலைமையைச் சரி செய்வதாக நினைத்துக்கொண்டு, “அதனால என்ன முனா, உனக்கு ஒரு தட்டு தனியா எடுத்து வெச்சிடறேன்” என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

என் பக்கத்தையும் கேள். எப்போதும் அக்டோபரில் நடக்கும் விழா இந்த வருஷம் நடக்கவே இல்லை. கோடையில் நீங்கள் டல்லாஸ் பக்கம் பிளானோவுக்குக் குடிபோனதும் எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவழியாக நானும் தலைவர் தம்பிராஜா அங்கிளும் டான்ஸ் டீச்சர் பிரீத்தியும் என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து தேதி தேடினோம். தமிழ்ச் சங்கப் பொங்கல், பிரீத்தியின் மாணவிகள் அரங்கேற்றம், பிள்ளைகளின் பரீட்சை, ஸ்பிரிங் பிரேக், ஹியூஸ்டன் ரோடியோ டிராஃபிக், அமாவாசை, எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அதை விட்டால் ஆகஸ்ட் வரை அந்த ஹாலில் இடம் இல்லை.

ஆகஸ்ட் வரை நம்மால் காத்திருக்க முடியாது. ராமநாதபுரத்துப் பக்கம் நாம் ஓட்டும் ஸ்கூல் வேனுக்குப் பாதிச் செலவு கொடுத்துவந்த கம்பெனி கையை விரித்துவிட்டது. இந்த விழா நடக்காவிட்டால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வேன் ஓடாது. வேன் இல்லையென்றால் அந்த மூன்று கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கும் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அங்கே வேனைப் பார்த்துக்கொள்ளும் வள்ளி டீச்சர், பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடவா என்று கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வருவாயா?

சாரதா


பிளானோ
டிசம்பர் 10, 2025

டிரஸ்ட் செயலாளர் திருமதி சாரதா அவர்களுக்கு,

திருமதி, அவர்கள் எல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும், உங்களுக்கே தெரியும்.

தேதி தவறுவது யாருக்கும் நடப்பதுதான். என்னைக் குத்தியது அது இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து அமாவாசையைப் பார்த்திருக்கிறீர்கள். மாட்டை அடக்கும் ரோடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் ஞாபகம் ஒருத்தருக்கும் வரவில்லை. அந்த டேபிளில் ஏழு வருஷம் நானும் உட்கார்ந்திருந்தேன். நான் ஊர் மாறினேன், எங்கள் நோன்பும் என்னோடு கூடவே ஊர் மாறிவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் எடுத்துவைப்பதாகச் சொன்ன தட்டைப் பற்றி யோசித்தேன். வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் அந்த விழாவுக்கு வருகிறோம். விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். பிரீத்தி டீச்சரின் பதினெட்டு டான்ஸ் நடக்கும். நோன்பு திறக்கிற நேரத்தில் தம்பிராஜா அங்கிள் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன கதையில் இருப்பார். நாங்கள் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து, திருடித் தின்கிற மாதிரி குனிந்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு அந்தத் தட்டு வரும்.

வீட்டில் பசீர் எனக்கு எதிர்க்கட்சி. “விடேன் முனா, சாரதாக்கா வேணும்னா செஞ்சாங்க?” என்கிறார். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். மறந்துபோனதற்கு என்ன சண்டை போடுவது?

வேன் எனக்கு உங்களைவிட அதிகமாகத் தெரியும். அது என் ஊர்ப் பக்கம். போன ஜூலையில் நானும் ரிதாவும் அதில் ஒரு நாள் போய்வந்தோம். பிள்ளைகள் இவளைச் சூழ்ந்துகொண்டு பாடப்புத்தக இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். என் மகள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் இருந்தாள். ஆகவே என் பங்கு வேனுக்குத் தவறாமல் வரும். நான் வர மாட்டேன். எங்கள் ஆட்களையும் கூப்பிட மாட்டேன்.

முனவ்வரா பசீர்


சுகர் லேண்ட்
டிசம்பர் 19, 2025

முனா,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியது எல்லாமே சமாதானம் சொல்வதாகவே இருந்தது. அழித்துவிட்டேன்.

நீ சொன்னது சரி. உங்களை மறந்துவிட்டோம். மன்னித்துவிடு. தட்டுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

நேற்று கமிட்டி கூடியது. உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். தம்பிராஜா அங்கிள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, “எங்கட சனத்தில ஒரு பங்கு வெளியில நிக்க, உள்ள விழா என்னத்துக்கு? விட்டிடுங்கோ” என்றார். டெபாசிட் போனால் போகட்டும் என்கிறார். பிரீத்திக்கு முகம் விழுந்துவிட்டது. வேன் என்ன ஆவது என்று நான் கேட்டேன். கூட்டம் அதோடு கலைந்துவிட்டது.

எனக்கு ஒரு யோசனை. சாப்பாட்டை நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் என்ன? நம் விழாவில் ஒன்பது மணிக்கு முன்னால் என்றைக்குச் சாப்பாடு போட்டிருக்கிறோம்? அதனால் உங்களுக்குச் சிரமமே இருக்காது என்று நினைக்கிறேன். சரியா தப்பா, நீயே சொல். விழாவை விட்டுவிடு என்று நீ சொன்னாலும் விட்டுவிடுகிறேன்.

சாரதா


பிளானோ
டிசம்பர் 28, 2025

சாரதாக்கா,

திருமதியை இறக்கிவிட்டேன். கோபத்தை இன்னும் முழுதாக இறக்கவில்லை.

தப்பு. பாவம் என்று பார்த்தால் உங்களுக்கு விவரம் தெரியவில்லை, பதினைந்து வருஷப் பழக்கத்தில் நானும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. இப்போது கேளுங்கள். சூரியன் மறைந்த பிறகு எப்போதாவது சாப்பிடுவதற்குப் பெயர் நோன்பு திறப்பது இல்லை. மறைந்த அந்த நிமிஷம் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும். அதற்கு முந்தின கொஞ்ச நேரம் எல்லோரும் சேர்ந்து அமைதியாக உட்கார்ந்திருப்போம். பழத்துக்குப் பிறகு கஞ்சி, பிறகு தொழுகை. சாப்பாடு அதற்கப்புறம்தான். மார்ச் ஏழாம் தேதி சுகர் லேண்டில் அந்த நேரம் ஆறு இருபத்தைந்து. அது சீஃப் கெஸ்டுக்காகவும் நிற்காது, மைக் சரியில்லை என்றாலும் நிற்காது.

நம் விழா லட்சணத்தை யோசித்துப் பாருங்கள். ஐந்தரை என்று அழைப்பிதழில் போடுவோம். எல்லோரும் ஏழு என்று படிப்பார்கள். ஏழரைக்கு வந்து, ‘இன்னும் ஆரம்பிக்கலையா?’ என்று நம்மையே கேட்பார்கள். ஒரு வருஷம் சீஃப் கெஸ்ட் வந்த பிறகு குத்துவிளக்கு ஏற்றத் தீப்பெட்டி தேடினோமே, கடைசியில் பார்க்கிங்கில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த சவுண்ட்காரரிடம் லைட்டர் வாங்கினோமே.

அந்தக் கூட்டத்தை உங்களால் ஆறு இருபத்தைந்துக்கு ஒரே இடத்தில் உட்காரவைக்க முடியுமா? ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பழம் கொடுக்க முடியுமா? முடியுமென்றால் நான் வருகிறேன். எங்கள் குடும்பங்கள் அத்தனையும் வரும். கஞ்சி என் செலவு, என் கை. ஒரு நிமிஷம் தாண்டினாலும் நாங்கள் பார்க்கிங்கில் எங்கள் கார்களில் நோன்பு திறந்துகொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவோம்.

உங்களால் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

முனவ்வரா


சுகர் லேண்ட்
ஜனவரி 24, 2026

முனா,

கடைசி வரியை நீ வேண்டுமென்றே எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக எண்ணெய்க் கம்பெனியில் ஷெட்யூல் போடுகிறவளைப் பார்த்து முடியாது என்கிறாய். இரு, காட்டுகிறேன்.

முதலில் பிரீத்தி. பதினெட்டு டான்ஸை ஒன்றாக்கு என்றேன். “சாரதாக்கா, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐட்டம் இருக்குன்னுதானே பேரன்ட்ஸ் டிக்கெட் வாங்கறாங்க? பின்வரிசைல நிக்கற குழந்தையைப் பாக்க யாராவது தாத்தா பாட்டியைக் கூட்டிட்டு வருவாங்களா?” என்று கேட்டாள். நியாயம்தான். நம் விழாவில் ஹால் நிறைவதே அந்தக் கணக்கில்தான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளாகவே வந்து, நாற்பது பிள்ளைகளும் வட்டமாக ஆடுகிற மாதிரி ஒன்று அமைத்திருப்பதாகச் சொன்னாள். வட்டத்துக்குப் பின்வரிசை கிடையாதாம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அடுத்தது அங்கிள். பேச்சைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டார். “நான் கதைக்கேக்க ஒருத்தரும் கேக்கிறேல்ல எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா கதைக்காட்டி விழாவுக்கு வந்த மாதிரி இருக்காது. கொஞ்சமாக் கதைக்கிறன்” என்றார். பொன்னாடை, நினைவுப்பரிசு, நன்றியுரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

கஷ்டம் எங்கே என்றால் டிக்கெட்டில். ஆறு மணிக்குக் கதவை மூடுவோம், நோன்பு இருக்கிறவர்களோடு சேர்ந்து எல்லோரும் சாப்பிடுவோம் என்று அழைப்பிதழில் போட்டேன். நம் வாட்ஸ்அப் குரூப்பில் ராமசுப்ரமணியன் சார் எழுதினார்: “மெஜாரிட்டி டைம்தானே பாக்கணும்? நோன்பு இருக்கறவங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே.” அதற்குக் கீழே ஏழெட்டுக் கட்டைவிரல். “சார், ஏழு வருஷம் உங்க சாம்பார் சாதத்துக்கு உப்பு பாத்து, உங்க பிளேட்ல போட்டது முனவ்வரா. ஒரு சாயங்காலம் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று போட்டேன். அதற்கப்புறம் டிக்கெட் போகவில்லை. பாதி ஹால்கூட நிறையவில்லை.

பயமாக இருக்கிறது. வள்ளி டீச்சருக்கு, பிள்ளைகளிடம் இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

சாரதா


பிளானோ
பிப்ரவரி 16, 2026

அன்புள்ள சாரதாக்கா,

குரூப்பில் நீங்கள் எழுதியதை ரிதா எனக்குக் காட்டினாள். “மாம், சாரதா ஆன்ட்டி இஸ் சாவேஜ்” என்றாள். அது பாராட்டு என்று விளக்கமும் சொன்னாள். நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

இன்னும் ஓரிரு நாளில் பிறை பார்த்துவிடுவார்கள். ஹியூஸ்டன், டல்லாஸ் இரண்டு இடத்திலும் எங்கள் குடும்பங்களிடம் பேசிவிட்டேன். வழக்கமாக வருகிறவர்களைவிட இரண்டு மடங்கு வருகிறார்கள். நோன்பு மாதத்தில் கொடுப்பதற்கு நன்மை அதிகம் என்பது எங்கள் நம்பிக்கை. எல்லோரும் கொடுக்க இடம் தேடிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் இடம் காட்டுகிறீர்கள். டிக்கெட் கவலையில் பாதியை இறக்கி வையுங்கள்.

நோன்பாளிகளுக்கு மட்டும் கஞ்சி என்று முதலில் நினைத்தேன். அது சரிப்படாது. ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும் காய்ச்சப்போகிறேன். கறி போட்டது ஒரு அண்டா, போடாதது ஒரு அண்டா. கரண்டிகள்கூடத் தனி. பசீரும் நானும் முந்தின நாளே அரிசி, பருப்பு, பாத்திரத்தோடு கிளம்பி வந்துவிடுவோம்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. வருஷா வருஷம் சாப்பாடு முடிந்த பிறகுதான் நன்கொடைக் கார்டைக் கொடுக்கிறோம். வயிறு நிறைந்தவரிடம் கேட்டால் ஏப்பம்தான் வரும். இந்தத் தடவை பழம் கையில் இருக்கும்போதே வேனைப் பற்றிப் பேசிவிடுங்கள். நீங்களே பேசுங்கள். வழக்கமாகக் காட்டும் அந்த சோக மியூசிக் வீடியோ வேண்டாம், அந்தப் பிள்ளைகள் அப்படிச் சோகமாகவும் இல்லை.

எனக்கும் பயம்தான். சூரியனை வைத்து உங்களுக்குச் சவால் விட்டுவிட்டேன், இப்போது நானே தினமும் ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

முனா


சுகர் லேண்ட்
மார்ச் 8, 2026

முனா,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பசீர் மெசேஜ் அனுப்பினார். நேற்று நீ கிச்சனிலேயே இருந்தாய், ஹாலுக்கு வரவே இல்லை. ஹாலில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு வாசலில் நின்றேன். பார்க்கிங்கில் நம் ஆட்களின் நாலைந்து கார்தான். ஐந்தரைக்கும் அப்படியே. அப்புறம் பார்த்தால் ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் இடத்தில் வரிசையாகக் கார். பெண்கள் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஒரு அம்மா பின்னால் வரும் கணவரைத் திட்டிக்கொண்டே ஓடினார்: “நோன்பு இருக்கறவங்களைக் காக்க வெச்ச பாவம் உங்களாலதான் எனக்கு வரப்போகுது.” முனா, தமிழர்கள் நேரத்துக்கு ஓடி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆறு மணிக்குக் கதவை மூடும்போது உட்கார நாற்காலி போதவில்லை.

சீஃப் கெஸ்ட் மட்டும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். கமிட்டியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “சூரியன் அவருக்காக நிக்குமோ? தொடங்கு பிள்ளை” என்று சொல்லிவிட்டு அங்கிளே போய் விளக்கை ஏற்றினார். பேச ஆரம்பித்தார். சைக்கிள் கதை பாதியில் வாட்சைப் பார்த்தார். “மிச்சம் சாப்பிட்டாப் பிறகு” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஹால் எழுந்து கைதட்டியது. பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவர் மறுபடியும் எழுந்து கும்பிட்டார்.

நாற்பது பிள்ளைகளும் ஆடி முடித்து அப்படியே சலங்கையோடு இறங்கி, டேபிள் டேபிளாகப் பேரீச்சம்பழம் கொண்டுபோனார்கள். நம் விழாவில் மேடையில் ஒருவர் பேசினால் கீழே நானூறு பேர் பேசுவார்கள், இல்லையா? நேற்று சலங்கைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லோர் முன்னாலும் ஒரு பழம் இருக்கிறது, யாரும் தொடவில்லை. நான் மைக்கிடம் போனேன். எழுதிக்கொண்டு போனதைப் பார்க்கவே இல்லை.

“இப்ப நாம எல்லாரும் ஒரு நேரத்துக்காகக் காத்துட்டு இருக்கோம். அது வந்தே தீரும்னு நமக்குத் தெரியும், அதனால நிம்மதியா உக்காந்திருக்கோம். ஜூன் மாசம் ராமநாதபுரத்துல சில பொண்ணுங்க யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ரோட்டுல வந்து நிப்பாங்க. அவங்களும் காத்துட்டு இருப்பாங்க. வேன் வருமா, வராதான்னு அவங்களுக்குத் தெரியாது. அதை இந்த ஹால்ல இருக்கற நாமதான் சொல்லணும்.”

அவ்வளவுதான் பேசினேன். கார்டுகள் மேஜையிலேயே இருந்தன. அப்புறம் ஒருத்தர் பேனா இருக்கிறதா என்று பக்கத்து டேபிளில் கேட்டார். பிறகு ஹால் முழுக்க எல்லோரும் பேனா கேட்கிறார்கள். எழுதி முடிப்பதற்குள் காரிடாரிலிருந்து பசீர் தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்டது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று நீ ஏன் இதுவரை சொல்லவே இல்லை?

கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பிரீத்தி ஓரமாக உட்கார்ந்து கார்டுகளைக் கூட்டினாள். இரண்டு தடவை கூட்டினாள். வந்து என் காதில் சொன்னாள். வேன் ஓடும் முனா. மூன்று வருஷத்துக்கு ஓடும். இன்னொரு வேனும் வாங்கலாம்.

அங்கே விடிந்திருந்தது, வள்ளி டீச்சருக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “அப்போ நாலாவது ஊருக்கும் வண்டி விடலாங்களா மேடம்? அங்க பதினோரு பொண்ணுக வீட்டோட இருக்குதுக” என்றார். கமிட்டியைக் கேட்காமல் நானே சரி என்றுவிட்டேன்.

சாரதா


பிளானோ
மார்ச் 11, 2026

என் அன்புள்ள சாரதாக்கா,

பாங்கு விஷயத்தைப் பசீரிடம் சொல்லிவிட்டேன். இனி வீட்டில் அவரைப் பிடிக்க முடியாது. என் பங்குக்கு, நீங்கள் பார்க்காத கிச்சனைச் சொல்கிறேன்.

ராமசுப்ரமணியன் சார் ஐந்தே முக்காலுக்கே அங்கே வந்துவிட்டார். வம்பு பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “மேடம், நான் ஏதாவது எடுத்துட்டுப் போகணுமா?” என்றார். கஞ்சிக் கிண்ணங்களை டிரேயில் அடுக்கச் சொன்னேன். அடுக்கினார். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு கிச்சன் வாசலில் நின்று, ‘இன்னும் எட்டு நிமிஷம், இன்னும் ஆறு நிமிஷம்’ என்று என் உயிரை எடுத்துவிட்டார். கறி போடாத அண்டா எது என்று தெரிந்துகொண்டு மூன்று கிண்ணம் குடித்தார். ரெசிபி கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மெஜாரிட்டி பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நாங்கள் தொழுகைக்குப் போனபோது அடுப்பை யார் பார்ப்பது என்று தவித்தேன். பிரீத்தி டீச்சரின் பேரன்ட்ஸ் பத்துப் பேர், ஐட்டம் போச்சே என்று உங்களிடம் சண்டை போட்டவர்கள்தான், கரண்டியை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். திரும்பி வருவதற்குள் பிரியாணிக்கு வரிசை போட்டு நிறுத்திவிட்டார்கள். உங்கள் சீஃப் கெஸ்ட் ஆறே முக்காலுக்கு வந்து, யார் என்று யாருக்கும் தெரியாமல், அந்த வரிசையில் நின்றபடியே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பொன்னாடை இல்லாத விழாவுக்கு இன்றுதான் வந்தேன், நிம்மதியாக இருக்கிறது என்றாராம்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் வரும்போது கோபத்தில் கொஞ்சத்தை மிச்சம் வைத்துக்கொண்டுதான் வந்தேன். சவாலில் நீங்கள் தோற்றால் காட்டலாம் என்று வைத்திருந்தேன். ஆறு இருபதுக்குக் கிச்சன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நீங்கள் பேசி முடித்து நின்றுகொண்டிருந்தீர்கள். எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள், அது சரி. நோன்பு இல்லாத முந்நூறு பேர் ஏன் காத்திருந்தார்கள்? பழம் கையில் இருந்தது. சாப்பிடக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன. அந்த இடத்திலேயே என் கோபம் போய்விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வந்து, கஞ்சியைக் கிளறுகிற சாக்கில் அழுதேன். ராமசுப்ரமணியன் சார், “புகைங்களா மேடம்?” என்றார். ஆமாம் என்றேன்.

முனா


சுகர் லேண்ட்
ஏப்ரல் 19, 2026

முனா,

நேற்று கமிட்டி கூடியது. அடுத்த வருஷத் தேதியை நீதான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ராமசுப்ரமணியன் சார் கையைத் தூக்கினார். அவர் இப்போது கமிட்டி மெம்பர், அதை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். “அடுத்த வருஷமும் ரமலான்லயே வைங்க மேடம். இந்த ஊர்ல முப்பது வருஷமா இருக்கேன், ஒரு ஃபங்ஷன் முடிஞ்சு ஒம்போது மணிக்கு வீட்டுல இருந்தது இதான் மொதல் தடவை” என்றார். அத்தனை கையும் தூக்கின. அங்கிள் இரண்டு கையையும் தூக்கினார். பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை என்று பார்த்திருக்கிறோம், நீ சரி என்றால்தான் டெபாசிட் கட்டுவேன்.

நீ ஜூனில் ஊருக்குப் போவதாகப் பசீர் சொன்னார். புது வேன் கிளம்பும் நாளில் நீ அங்கே இருக்க வேண்டும். கமிட்டி சார்பாக நீதான் முதல் சவாரி. முன் சீட்டை உனக்கு என்று வைத்திருக்கும்படி வள்ளி டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

சாரதா


ராமநாதபுரம்
ஜூன் 3, 2026

சாரதாக்கா,

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை சரி. டெபாசிட் கட்டுங்கள்.

திங்கட்கிழமை வண்டி கிளம்பியது. டிரைவர் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, எனக்கு முன் கதவைத் திறந்துவிட்டார். அமெரிக்கா மேடம் என்று மரியாதை பலமாக இருந்தது. பின்னால் ரிதாவும் வள்ளி டீச்சரும். நாலாவது ஊருக்குத் தார் ரோடு இல்லை. இரண்டு பக்கமும் கருவேல மரம், நடுவில் மண் பாதை. ஸ்கூலுக்கு என்று ஒரு வண்டி அந்தப் பாதையில் போனது அதுதான் முதல் தடவையாம்.

பதினோரு பேர் என்றுதானே வள்ளி டீச்சர் உங்களிடம் சொன்னார்? நின்றது பதினேழு பேர். பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளிலிருந்தும் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். கடையில் மடித்த மடிப்புக் கலையாத யூனிஃபார்ம், எண்ணெய் வழியத் தலை வாரியிருந்தார்கள். வண்டி நின்றதும் தள்ளுமுள்ளு இல்லை, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஏறினார்கள். நெருக்கி உட்கார்ந்து கடைசிப் பெண்ணும் ஏறிவிட்டாள்.

கதவைச் சாத்தப் போகும்போது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் வளர்ந்த பெண்கள் இரண்டு பேர், அக்காவும் தங்கையும். “டீச்சர், எட்டாவதோட நிப்பாட்டுன புள்ளைக. ரெண்டு வருசம் ஆகிப்போச்சு. இப்ப ஏத்திக்கிருவீகளா?” என்று கேட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. அந்தப் பெண்கள் இரண்டும் தலையைத் தூக்கவில்லை.

வள்ளி டீச்சர் வண்டிக்குள் பார்த்தார். இடம் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் முன் சீட்டிலிருந்து இறங்கினேன். நான் சொல்வதற்கு முன்னாலேயே ரிதா பின்னாலிருந்து குதித்துவிட்டாள். இரண்டு பெண்களும் ஏறினார்கள், வண்டி கிளம்பிவிட்டது. தூசி அடங்கும்வரை நானும் அந்த அப்பாவும் ரிதாவும் அங்கேயே நின்றோம்.

மெயின் ரோடு வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தோம். செருப்பு முழுக்க மண். நீங்கள் எனக்கென்று வைத்திருந்த சீட்டில் எனக்கு இடம் இல்லை, அக்கா. வழி நெடுக நானும் என் மகளும் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தோம்.

முனா